பார்க்கும் விரலும் இயக்கும் விரலும்: கட்டுப்பாட்டு அறைத் தொடுதிரைகளுக்குச் சைகை வகுப்பது எப்படி

தொடுதிரையின் பிறப்பிடமே கட்டுப்பாட்டு அறைதான். 1965-ல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த அரசு ராடார் ஆய்வகத்தில் ஈ. ஏ. ஜான்சன் இதைப் பற்றி எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. 1973-ல் செர்ன் ஆய்வகத்தின் ஃப்ராங்க் பெக்கும் பெண்ட் ஸ்டும்பேயும் தங்கள் தொடுதிரையை வெளியிட்டார்கள். சூப்பர் புரோட்டான் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காக அது செய்யப்பட்டது. அதில் இருந்தவை 16 பொத்தான்கள். இடம் மாறாது, எழுத்து மட்டும் மாறும். இழுப்பது, விரிப்பது, வீசுவது எதுவும் கிடையாது.

அவையெல்லாம் கைபேசி வழியாகப் பின்னால் வந்தவை. இன்று ஷிஃப்டுக்கு வரும் ஆபரேட்டரின் விரலைப் பழக்கியிருப்பதும் கைபேசிதான். அதனால் "யாரும் சொல்லித்தராமலே புரிய வேண்டும்" என்று ஒரு நிர்வாகம் கேட்டால், வடிவமைப்பாளர் கைபேசிச் சைகைகளை அப்படியே எச்.எம்.ஐ. திரையில், அதாவது ஆலையைப் பார்த்து இயக்கும் திரையில், இறக்கிவிடுகிறார். கைபேசியில் தவறாக ஒரு பக்கம் திறந்தால் திரும்பி வந்துவிடலாம். ஓடும் கம்ப்ரசர் தவறாக நின்றால் அதைத் திரும்ப எடுத்து நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். பெரிய மோட்டார்களை நிறுத்திய உடனே மறுபடி ஓட்டவும் முடியாது. சுருள் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கைபேசிச் சைகை எதுவானாலும் "தப்பானால் திருத்திக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. ஆலையில் பாதி வேலைகளுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

ஆகவே முதல் வேலை சைகைகளைத் தேர்வது அன்று, ஆபரேட்டரின் செயல்களை இரண்டாகப் பிரிப்பது. பக்கம் மாற்றுதல், பெரிதாக்குதல், டிரெண்டை (அளவுகள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைவை) பின்னோக்கி நகர்த்துதல், பட்டியலை உருட்டுதல் ஆகியவை பார்க்கும் செயல்கள். இவற்றில் ஆலையின் நிலை மாறாது. ஓட்டு, நிறுத்து, திற, மூடு, ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்று, இன்டர்லாக் என்ற பாதுகாப்புத் தடையைத் தாண்டு ஆகியவை இயக்கும் செயல்கள். முதல் வகைக்கு ஸ்வைப் (விரலால் தள்ளுதல்), பிஞ்ச் (இரு விரலை விரித்துச் சுருக்குதல்) எதையும் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாம் வகைக்குக் கண்ணுக்குத் தெரியும் பொத்தான், தட்டல், அழுத்திப் பிடித்தல் இவை மட்டுமே. வளைவு வரைந்து வால்வைத் திறப்பது, இரு விரலால் திருகி வேகத்தைக் கூட்டுவது போன்றவை கண்காட்சியில் பார்க்க நன்றாக இருக்கும், ஆலைக்கு ஆகாது.

காரணம், சைகையை அடையாளம் காணும் மென்பொருள் செய்வது ஒருவித ஊகம். விரல் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எந்தத் திசையில் போனது என்பதை வைத்து இது தட்டலா ஸ்வைப்பா என்று முடிவு செய்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் அசைவுகள் நாள்தோறும் வரும். தயக்கத்தோடு செய்த ஸ்வைப் தட்டலாகப் பதிவாகும். அவசரத்தில் சறுக்கிய தட்டல் ஸ்வைப்பாகும். எந்தச் சைகையை முன்மொழிந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: இதை இயந்திரம் அடுத்த சைகையாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்? பக்கம் மாற்றப் போட்ட ஸ்வைப் ஒரு பம்பின் படத்தின் மேல் தட்டலாக விழுந்தால், அந்தப் பம்பின் ஃபேஸ்பிளேட் (அதன் நிலையும் பொத்தான்களும் உள்ள சிறு சாளரம்) திறக்கலாம், அதற்கு மேல் எதுவும் நடக்கக் கூடாது. கருவிப் படத்தைத் தட்டினால் அது "தேர்ந்தெடுத்தல்" மட்டுமே என்ற விதி இதிலிருந்துதான் வருகிறது.

அவசர நிறுத்தம் இந்தப் பேச்சுக்கே வெளியே. அதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13850 கேட்பது கையால் இயக்கும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மஞ்சள் பின்னணியில் சிவப்பான தனிக் கருவியை. திரையில் வரைந்த சிவப்பு வட்டம் அதற்கு ஈடாகாது. திரையில் "அவசரம்" என்று எழுதிய பொத்தானே இல்லாமல் இருப்பது நல்லது. இருந்தால் பதற்றத்தில் கை அங்கேதான் போகும்.

விரல் எவ்வளவு பெரியது

பெரியவர்களின் சுட்டுவிரல் நுனி ஏறக்குறைய 16 முதல் 20 மி.மீ. அகலம். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் சொல்லும் 48 அலகு என்பது ஏறக்குறைய 9 மி.மீ.தான். உட்கார்ந்து, வெறுங்கையால், ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு தொடும் கைபேசிக்கு அது போதும். கட்டுப்பாட்டு அறையில் கை நீட்டித் தொடுகிறார்கள், கண் பாதி நேரம் வேறு திரையில் இருக்கிறது. பார்க்கும் செயல்களுக்கு 15 மி.மீ., இயக்கும் செயல்களுக்கு 20 மி.மீ.க்குக் குறையாத தொடுபரப்பு வைக்கலாம். பொத்தான்களுக்கு இடையில் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். "ஓட்டு", "நிறுத்து" இரண்டுக்கும் நடுவில் மட்டும் அதை இரட்டிப்பாக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் படம் சிறிதாக இருக்கலாம். அதைச் சுற்றித் தெரியாத தொடுபரப்பு விரிந்திருந்தால் போதும். ஆனால் அடுத்தடுத்த தொடுபரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

எல்லா அளவையும் மி.மீ.யில் எழுத வேண்டும், பிக்செலில் எழுதக் கூடாது. 21.5 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு பிக்செல் கிட்டத்தட்ட 0.25 மி.மீ. விரல் நகர்வு 16 பிக்செலைத் தாண்டினால் இழுப்பு என்று அதில் வரையறுத்தால், அது 4 மி.மீ. அதே நிரலை 27 அங்குல 4கே திரைக்கு மாற்றினால் 16 பிக்செல் 2.5 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். திரை மாற்றிய பிறகு "தட்டினால் வேலை செய்யமாட்டேன் என்கிறது" என்று ஷிஃப்டில் புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தட்டல் எல்லாம் இழுப்பாகப் படிக்கப்பட்டுத் தள்ளப்பட்டிருக்கும்.

தொடங்குவதற்கு ஏற்ற எல்லைகள் இவை: தட்டல் என்றால் 50 முதல் 500 மில்லி விநாடி, 4 மி.மீ.க்குள் நகர்வு. ஸ்வைப் என்றால் குறைந்தது 25 மி.மீ., நேர்கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகாமல். அழுத்திப் பிடித்தல் 1 விநாடி. நடுவில் விழும் எதையும் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுங்கள். அருகில் இருக்கும் சைகைக்குத் தள்ளிவிடும் தாராள மனம் இங்கே வேண்டாம். இரட்டைத் தட்டல் வேண்டவே வேண்டாம். அது இருந்தால் ஒவ்வொரு ஒற்றைத் தட்டலும், "இன்னொன்று வருமா" என்று 300 மில்லி விநாடி காத்திருக்கும். திரை மந்தமாகிவிட்டது என்று ஆபரேட்டர் மறுபடி தட்டுவார், அது இரட்டைத் தட்டலாகிவிடும்.

விரலைத் தூக்கும்போது செயல் நடக்க வேண்டுமா, வைக்கும்போதா? 1988-ல் பாட்டர், வெல்டன், ஷ்னைடர்மேன் மூவரும் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தூக்கும்போது ஏற்பது தவறுகளைக் குறைத்தது. தவறான பொத்தானில் விரல் வைத்துவிட்டவர் அப்படியே வெளியே சறுக்கி விலகிக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான இன்றைய இணையதள அணுகல்தன்மை விதிகளும் அதையே சொல்கின்றன. விதிவிலக்கு மூன்று: அலாரம் ஒலியை அடக்குவது, பிடித்திருக்கும் வரை ஓட்டும் ஜாக் பொத்தான், நேரம் நிறைந்ததும் செயல்படும் அழுத்திப் பிடித்தல்.

ஆபரேட்டரிடம் கேட்பது

எந்தச் செயலுக்கு எந்தச் சைகை என்பதை மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. 2009-ல் வோப்ராக், மாரிஸ், வில்சன் மூவரும் ஒரு முறையைக் காட்டினார்கள்: விளைவை முதலில் திரையில் காட்டு, "இது நடக்க நீ என்ன செய்வாய்?" என்று கேள். 20 பேர், 27 கட்டளைகள், 1080 சைகைகள் சேர்ந்தன. அதில் நமக்கு உதவும் முடிவுகள் உண்டு. எத்தனை விரல் என்பதை மக்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஒரு கையால் முடிவதற்கு இரண்டாவது கையைக் கொண்டுவருவதில்லை. ஆக, "இரு விரல் ஸ்வைப் ஒன்று, மூவிரல் ஸ்வைப் வேறு" என்று பிரிப்பது தோல்விக்கு நாமே போடும் பாதை. கட்டளைகளை விரல் எண்ணிக்கையால் பிரித்த எந்த வடிவமும் இரவு ஷிஃப்டைத் தாண்டாது.

ஆலைக்குள் இதை நடத்த 12 ஆபரேட்டர்கள் போதும், வெவ்வேறு ஷிஃப்டிலிருந்து எடுத்தால். டிரெண்டைப் பின்னோக்கி நகர்த்து என்றதும் 7 பேர் வலப்பக்கம் இழுக்கிறார்கள், 3 பேர் இடப்பக்கம் இழுக்கிறார்கள், 2 பேர் அம்புக்குறியைத் தேடுகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு குழுவின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் ஒத்திசைவு மதிப்பு வரும்: 49, 9, 4 மூன்றையும் கூட்டி 144-ஆல் வகுக்க 0.43. எல்லோரும் ஒன்றையே செய்தால் 1. இந்தச் செயலுக்கு வலப்பக்க இழுப்பை ஏற்கலாம், கூடவே அம்புக்குறியும் வைக்க வேண்டும். 0.2-க்குக் கீழே விழும் செயலுக்குச் சைகையே வேண்டாம், பொத்தான் வையுங்கள். இந்த 0.2 நடைமுறைக்காக வைத்துக்கொள்ளும் எல்லைதான்.

ஒரு முன்னெச்சரிக்கை. பலரும் ஒத்துக்கொண்டது என்பதாலேயே ஒரு சைகை இயக்கும் செயலுக்குத் தகுதி பெறாது. "பம்பை நிறுத்த" என்று கேட்டால் பலரும் படத்தை ஒருமுறை தட்டுவார்கள். அது எல்லோருக்கும் புரியும், அதனால்தான் ஆபத்து.

ஒரு பம்பை நிறுத்துதல், படிப்படியாக

பி-204 என்ற பம்பை எடுத்துக்கொள்வோம். ஆபரேட்டர் படத்தைத் தட்டுகிறார். திரையின் வலது ஓரத்தில், எப்போதும் ஒரே இடத்தில், ஃபேஸ்பிளேட் திறக்கிறது. விரலுக்குக் கீழே திறக்கக் கூடாது. கைநடுக்கத்தால் இரண்டாவது தட்டல் விழுந்தால் அது நேராக "நிறுத்து" மேல் போய் உட்காரும். ஃபேஸ்பிளேட்டில் "நிறுத்து" தட்டியதும் உறுதிப் பொத்தான் வருகிறது, முதல் பொத்தானிலிருந்து குறைந்தது 40 மி.மீ. தள்ளி. அதன் மேல் "சரி" என்று எழுதாதீர்கள். "பி-204 நிறுத்து" என்று எழுதுங்கள். "சரி"யை யாரும் படிப்பதில்லை. 5 விநாடிக்குள் தொடாவிட்டால் அது மறைந்துவிடும்.

உறுதிப் பொத்தானை 1 விநாடி பிடிக்க வேண்டும். பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் நிறைந்துகொண்டே வரும். அந்த வளையம் விரலை விடப் பெரியதாக, 35 மி.மீ. விட்டத்தில் இருந்தால்தான் தெரியும். முன்னதாகத் தூக்கினாலோ 8 மி.மீ.க்கு மேல் வெளியே சறுக்கினாலோ ரத்து. வளையம் நிறைந்ததும் கட்டளை ஒரே ஒருமுறை போகிறது, விரல் இன்னும் மேலேயே இருந்தாலும்.

அடுத்து நடப்பதில்தான் பல வடிவங்கள் கோட்டை விடுகின்றன. தொட்டது பதிவானதைத் திரை 100 மில்லி விநாடிக்குள் காட்ட வேண்டும், நிறம் கொஞ்சம் மாறினாலே போதும். பி.எல்.சி. (இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) கட்டளையை ஏற்றது என்பது இரண்டாவது நிலை, ஒரு விநாடிக்குள். பம்ப் உண்மையில் நின்றது மூன்றாவது. அது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் துணைத் தொடுப்பிலிருந்தோ ஓட்ட அளவியிலிருந்தோ வர வேண்டும். மூன்றையும் ஒரே பச்சை விளக்கில் அடக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம் சாட்சி. 1979 மார்ச் 28 அன்று அழுத்த விடுவிப்பு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கு காட்டியது வால்வின் சோலனாய்டுக்கு (அதை இயக்கும் மின்காந்தத்துக்கு) மின்சாரம் போகிறதா என்பதை மட்டும். விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். தொடுதிரையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் அழகான அசைவூட்டம் "முடிந்தது" என்ற உணர்வைச் சீக்கிரமே கொடுத்துவிடும். எனவே "நிறுத்தக் கட்டளை போனது" என்ற இடைநிலையைத் தனியாகக் காட்டுங்கள். உதாரணத்துக்கு 5 விநாடிக்குள் களத்திலிருந்து பதில் வராவிட்டால் "பதில் இல்லை" என்று எழுதட்டும். மெதுவாக நகரும் மோட்டார் வால்வுக்கு அந்த நேரம், அது முழுவதும் திறக்கவோ மூடவோ எடுக்கும் நேரத்தை விட 20 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும்.

பிடித்திருக்கும் வரை ஓட்டும் பொத்தான்

கன்வேயரைச் சிறிது நகர்த்த, கிரேனைச் சரிப்படுத்த ஜாக் பொத்தான் வைக்கிறார்கள். தொட்டால் ஒரு பிட் 1 ஆகும், தூக்கினால் 0 ஆகும் என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது வழக்கம். விரல் மேலே இருக்கும்போது நெட்வொர்க் கேபிள் துண்டிக்கப்பட்டால் "தூக்கினார்" என்ற செய்தி பி.எல்.சி.க்குப் போகவே போகாது. பிட் 1 ஆகவே நிற்கும், கன்வேயர் ஓடிக்கொண்டே இருக்கும். கேபிள் அறுந்தால்தான் என்றில்லை. பிடித்திருக்கும்போது வேறு பக்கம் தானாகத் திறந்தாலும், தொடுதிரைப் பேனல் மறுதொடக்கமானாலும் இதே கதிதான்.

சரியான வழி: விரல் மேலே இருக்கும் வரை பேனல் ஒரு எண்ணியை 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே அனுப்பட்டும். அந்த எண் 500 மில்லி விநாடி மாறாமல் நின்றால் பி.எல்.சி. வெளியீட்டை நிறுத்தட்டும். நிறுத்தும் பொறுப்பு பி.எல்.சி.யிடம் இருக்க வேண்டும், பேனலிடம் இருக்கக் கூடாது. 30 விநாடி தொடர்ந்து தொட்டபடி இருந்தால் வெட்டிவிட்டு, மறுபடி தூக்கித் தொடச் சொல்லுங்கள். கண்ணாடியில் உட்கார்ந்த நீர்த்துளியும் சில நேரம் விரலாகத் தெரியும். இவ்வளவும் செய்த பிறகும் இது பாதுகாப்புச் செயல்பாடு ஆகாது. இயந்திரத்தின் அருகில் ஆள் நிற்கும் வேலைக்கு மூன்று நிலை கொண்ட கைப்பிடி அனுமதிச் சுவிட்ச்தான் வேண்டும்: விட்டாலும் நிற்கும், பதறி இறுக்கினாலும் நிற்கும். இரு கைப் பொத்தான்களும் அப்படியே. இரண்டும் 0.5 விநாடிக்குள் அழுத்தப்பட வேண்டும் என்ற விதியைத் திரையில் இரு வட்டங்களாக வரைந்து நிறைவேற்ற முடியாது. ஒரே கையின் இரு விரல் போதும் அதை ஏமாற்ற.

நகரும் பட்டியலைத் தொடுவது

ஒரு ஆபரேட்டருக்கு 10 நிமிடத்தில் 10-க்கு மேல் அலாரம் வந்தால் அதை வெள்ளம் என்கிறது அலாரம் மேலாண்மைத் துறை. ஆலை டிரிப் ஆகித் தானாக நிற்கும்போது ஒரு விநாடிக்கே பல வரும். பட்டியலின் உச்சியில் புதியது சேர, மற்றவை ஒரு வரி கீழே இறங்கும். மூன்றாம் வரியைத் தொட முடிவுசெய்து விரல் கண்ணாடியை எட்ட ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. அதற்குள் பட்டியல் இரண்டு வரி நகர்ந்துவிட்டால் தொட நினைத்தது ஐந்தாம் வரிக்கு இறங்கியிருக்கும், தொட்டதோ மூன்றாம் வரிக்கு வந்துவிட்ட வேறோர் அலாரத்தை. ஆபரேட்டர் தான் பார்த்ததை ஏற்றுக்கொண்டதாக நினைப்பார். பார்க்காத ஒன்று ஏற்கப்பட்டுவிட்டது.

விரல் பட்டபின் பட்டியலை உறையவைப்பது மட்டும் போதாது, பிழை விரல் படும் முன்பே நடந்துவிடுகிறது. கடந்த 400 மில்லி விநாடிக்குள் இடம் மாறிய வரி தொடுதலை ஏற்கக் கூடாது. ஒரு வரியைத் தேர்ந்ததும் பட்டியல் உறைந்து, உச்சியில் "புதியவை 7" என்று எண்ணிக்கை மட்டும் ஓடட்டும். "ஏற்கிறேன்" பொத்தான் கீழே நிலையான இடத்தில் இருக்கட்டும்.

வரியை ஸ்வைப் செய்து அலாரத்தை ஏற்பது என்ற யோசனை அடிக்கடி வருகிறது. அஞ்சல் செயலியிலிருந்து வந்த பழக்கம் அது, கைக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்ய வசதியான சைகை, படிக்காமல் செய்யவும் வசதியானது. அலாரத்தை ஏற்பது என்றால் "பார்த்தேன், புரிந்தது" என்று பொருள். அதற்கு ஸ்வைப் வேண்டாம். அலாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பதற்கோ கண்டிப்பாக வேண்டாம்; அங்கே காலக்கெடுவும் காரணமும் கேட்டே தீர வேண்டும். ஒலியை அடக்குவது வேறு விஷயம். அது பெரிய பொத்தானாக, முடிந்தால் திரைக்கு வெளியே நிஜ விசையாக இருக்கட்டும்.

எண்களும் இழுவைப் பட்டைகளும்

செட்பாயிண்டை (எட்ட வேண்டிய மதிப்பை) இழுவைப் பட்டையால் மாற்றுவது வரைபடத்தில் எளிமையாகத் தெரியும். 0 முதல் 600 டிகிரி வரை உள்ள உலை வெப்பநிலைக்கு 150 மி.மீ. நீளப் பட்டை கொடுத்தால் ஒரு மி.மீ. 4 டிகிரி. விரலைத் தூக்கும்போது நுனி உருண்டு தொடுபுள்ளி 2, 3 மி.மீ. நகரும். சரியாக 450-ல் நிறுத்தித் தூக்கினால் 460-ல் நிற்கும். பயிற்சியால் இது போகாது, விரலின் அமைப்பு அப்படி. பட்டையைப் படித்தறிய மட்டும் வைத்துக்கொண்டு, மாற்றுவதற்குக் கூட்டல் கழித்தல் படிப் பொத்தான்களும் எண்பலகையும் கொடுங்கள்.

எண்பலகையில் மேல்வரி 7-8-9 என்று கணக்குப்பொறி போலவா, 1-2-3 என்று தொலைபேசி போலவா? எதுவானாலும் ஆலை முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் நிஜ விசைப்பலகை இருந்தால் அதன் எண்பகுதி 7-8-9 என்பதால் அதையே பின்பற்றலாம். அதிகம் நடக்கும் பிழை தசமப் புள்ளி விடுபடுவது: 4.5 என்பது 45 ஆகிவிடும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் அருகருகே காட்டி, மாற்றம் மொத்த வீச்சில் 10 சதவீதத்தைத் தாண்டினால் உறுதி கேளுங்கள்.

இரு கருவிகளைச் சேர்த்து ஓட்டும்போது இன்னொரு பொறி இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் நீரிணை அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், அல்னிக் எம்.சி. என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். இரு பக்க உந்துவிசையையும் சேர்த்து ஓட்டும் இணைப்பு, தொடுதிரையில் கட்டுப்பாட்டை ஓர் இருக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விலகியிருந்தது. வேகத்தைக் குறைத்தபோது இடப்பக்கம் மட்டும் குறைந்தது, கப்பல் இடப்பக்கம் திரும்பியது. நிஜ நெம்புகோல்களாக இருந்திருந்தால் ஒன்று நகர்ந்து மற்றது நிற்பது கைக்கே தெரிந்திருக்கும். அந்த வகைப் போர்க்கப்பல்களில் நெம்புகோல்களைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக 2019-ல் அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. ஆலையில் இதற்கு இணை, இரு ஃபேன்களையோ இரு பம்புகளையோ ஒரே பட்டையால் இயக்குவது. இணைப்பு உள்ளதா என்பதைச் சிறு கட்டத்தில் டிக் குறியாக ஒளித்துவைக்காமல், இரு பட்டைகளையும் ஒன்றாக்கி ஒரே உருவாகக் காட்டுங்கள். கட்டுப்பாடு எந்தத் திரையிடம் இருக்கிறது என்பது எல்லாத் திரையிலும் எழுதியிருக்க வேண்டும்.

பார்க்கும் சைகைகளில் ஒளிந்திருப்பவை

பார்ப்பதற்கான சைகைகள் ஆபத்தற்றவை என்றாலும் அவற்றிலும் சிக்கல் உண்டு. டிரெண்டைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்த ஆபரேட்டர் அப்படியே தொலைபேசியை எடுக்கப் போய்விடுகிறார். திரும்பி வந்து பார்ப்பது அரை மணி நேரத்துக்கு முந்தைய வரைவு, அவருக்கோ அது நேரலை. பழைய தரவு காட்டும்போது டிரெண்டின் பின்னணி நிறமே மாற வேண்டும், 60 விநாடி தொடாமல் இருந்தால் தானாக நேரலைக்குத் திரும்ப வேண்டும்.

பிஞ்ச் செய்து தொடர்ச்சியாகப் பெரிதாக்குவதை அனுமதிக்காதீர்கள், நிலை நிலையாகத் தாவட்டும். 700 மி.மீ. தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து ஏறக்குறைய 4 மி.மீ. உயரம் வேண்டும், இஷ்டத்துக்குச் சுருக்கினால் எண்கள் 2 மி.மீ. ஆகி, 3-ஐ 8 என்று படிக்கும் நிலை வரும். எச்.எம்.ஐ. தரமான ஐ.எஸ்.ஏ. 101 காட்சிகளை நான்கு படிநிலையாகப் பிரிக்கிறது: மேற்பார்வை, அலகு, விவரம், பழுதாய்வு. பிஞ்ச் இந்தப் படிகளுக்கு இடையே ஏறி இறங்குவதாக இருந்தால் போதும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அலாரப் பட்டை திரையின் உச்சியில் அசையாமல் நிற்க வேண்டும். பக்கங்களின் வரிசை, பொருள் ஓடும் திசையோடு பொருந்தினால் மனப்பாடமே தேவையில்லை: இடப்பக்கம் தள்ளினால் அடுத்த அலகு, வலப்பக்கம் தள்ளினால் முந்தைய அலகு. வீசினால் உருண்டோடும் வேகத்தை அணைத்துவிடுங்கள். உருளும் பட்டியலை நிறுத்த ஒருவர் தட்டுவார், அது தேர்வாகிவிடும்.

கண்ணாடிக்குப் பின்னால்

சைகைகளின் தலைவிதியை வன்பொருள் பாதி எழுதிவிடுகிறது. அழுத்தத்தை அறியும் ரெசிஸ்டிவ் திரை எந்தக் கையுறைக்கும் மசியும், ஆனால் பொதுவாக ஒரே ஒரு புள்ளியைத்தான் அறியும். இரு விரல் வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைச் சொல்லும். இடது ஓரத்தில் ஒரு கையும் வலது ஓரத்தில் ஒரு கையும் ஊன்றினால் நடுவில் இருக்கும் பொத்தான் அழுந்தும். அதில் பிஞ்ச் பற்றிப் பேசவே கூடாது. விரலின் மின்தன்மையை உணரும் கெபாசிடிவ் திரை பல விரலை அறியும், மெல்லிய நைட்ரைல் கையுறையை ஏற்கும், தடித்த தோல் கையுறையை ஏற்காது. கையுறைக்காக உணர்திறனைக் கூட்டினால் வெறும் விரல் கண்ணாடியைத் தொடும் முன்பே பதிவாகத் தொடங்கும். அகச்சிவப்புச் சட்டகம் எதையும் விரல் என்று நம்பும்: பூச்சி, தூசு, சட்டைக் கை.

தொடாமலே தொடுதல் பதிவானால் வேகமாற்றி டிரைவின் மோட்டார் கேபிள் பேனலுக்கு அருகில் ஓடுகிறதா, பேனல் உலோகச் சட்டகத்தின் எர்த் சரியா என்று முதலில் பாருங்கள். மென்பொருளில், கண்ணாடியில் படும் பகுதி 20 மி.மீ.க்கு மேல் அகலமானால் உள்ளங்கை என்று தள்ளுங்கள். இரு விரல் 200 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் அது பிஞ்ச் ஆகாது, பெரிய திரையில் இருவர் தொடுகிறார்கள் என்றே கொள்ளுங்கள். திரை துடைக்க 30 விநாடி பூட்டும் வசதி வையுங்கள். இல்லாவிட்டால் துணி அலாரங்களை ஏற்கும்.

விண்டோஸுக்கென்றும் சொந்தச் சைகைகள் உண்டு. ஓரத்திலிருந்து இழுத்தால் அறிவிப்புப் பலகை வரும், விண்டோஸ் 11-ல் மூவிரலால் கீழே இழுத்தால் எல்லாச் சாளரமும் மறையும், அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் ஆகும். மூன்றையும் விண்டோஸ் அமைப்புகளில் அணைக்காமல் ஆலைக்குத் தரக் கூடாது. மூன்றாவதை மறந்தால் நமது 1 விநாடிப் பிடிப்பின் நடுவே விண்டோஸின் சதுரம் முளைக்கும்.

சோதனை

சிமுலேட்டரில் சோதிக்கும்போது "பிடித்திருக்கிறதா" என்று கேட்டுப் பயனில்லை, புதுத் திரை எல்லோருக்கும் பிடிக்கும். ஒவ்வொரு தொடுதலின் இடம், நேரம், பரப்பு, எதுவாக அடையாளம் காணப்பட்டது, என்ன நடந்தது ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். தேட வேண்டியவை: பொத்தானின் விளிம்பிலிருந்து 5 மி.மீ.க்குள் விழுந்து வீணான தட்டல்கள், ஒரே இடத்தில் ஒரு விநாடிக்குள் திரும்பத் தட்டியவை, வளையம் நிறையும் முன் கைவிட்ட பிடிப்புகள். முதலாவது தொடுபரப்பு சிறிது என்கிறது, இரண்டாவது பதில் தாமதம் என்கிறது. மூன்றாவதை ஆளிடமே கேட்க வேண்டும்: மனம் மாறியதா, விரல் வழுக்கியதா? அதிகாலை மூன்று மணிக்கு, அலாரம் வெள்ளத்தின் நடுவே, கையுறையோடு ஒரு சுற்று கட்டாயம் வையுங்கள். பகலில் ஓய்வாக எடுத்த எண்கள் அப்போது அப்படியே நிற்காது.

நிமிர்ந்து நிற்கும் திரையில் கை நீட்டியபடி நெடுநேரம் வேலை செய்தால் தோள் வலிக்கும். கொரில்லா கை என்று துறையில் இதற்குப் பட்டப்பெயரே உண்டு. அடிக்கடி தேவைப்படும் பொத்தான்களைத் திரையின் கீழ்ப்பாதியில், முழங்கை மேசையில் ஊன்றி எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் மவுஸ் அல்லது டிராக்பால் வழியும் இருக்க வேண்டும். தொடு வசதியை மட்டும் துண்டிக்கும் ஒரு சாவியை மேசைக்கடியில் வைத்தால், திரை தானாகத் தொடத் தொடங்கும் நாளில் அதைத் திருப்பிவிட்டு, படத்தைப் பார்த்தபடி மவுஸால் ஆலையை ஓட்டலாம்.